மாநகரக் கணக்கும் மனச்சாட்சியும்

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் தோன்றியது. குப்பை அகற்றல், மலக்கழிவுக் குழாய், வடிகான், வீதி, பொதுச் சுகாதாரம், நூலகம் எனக் கொச்சிக்கடை முதல் வெள்ளவத்தை வரை வாழ்வோரின் அன்றாடம் தங்கியிருக்கும் பணிகள் அதன் பொறுப்பில் உள்ளன. ஒவ்வோராண்டும் சபை பாதீடு வகுக்கிறது. செய்த பணிகளை அறிக்கையாக்குகிறது. கணக்கைக் கணக்காய்வுக்கு ஒப்படைக்கிறது. ஊருக்காகச் செய்த வேலைக்கு ஆண்டுதோறும் கணக்குச் சொல்வது அலுவலக நடைமுறையோடு முடிந்துவிடுகிறதா, சமயங்கள் போதிக்கும் அறத்திலும் அதற்கு இடமுண்டா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

தமிழர் வரலாற்றில் இதற்குக் கல்லிலேயே விடை பொறிக்கப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தெரிவு செய்யும் விதிகளைக் கூறுகின்றன. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்பேற்க முடியாது. மகாபாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோர் விலக்கப்படும் அதே வரிசையில் கணக்குக் காட்டாதவரும் நிறுத்தப்படுகிறார். ஊர்ப்பணத்துக்குக் கணக்குச் சொல்லாமை பாவத்தின் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. உத்திரமேரூர்ச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணருக்கே இடம் இருந்தது என்பது அதன் குறை. ஆயினும், பொறுப்பை ஆளோடு பிணைத்த அந்த விதி இன்றைக்கும் பொருந்தும்.

கொச்சிக்கடையில் வேரூன்றிய சமயங்களும் ஊர்ப்பணியை வழிபாட்டிலிருந்து பிரிக்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் சைவ மரபில் வந்தது. அம்மரபில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலாவதான சரியை, கோயிலைக் கூட்டுவதிலும் மெழுகுவதிலும் தொடங்குகிறது. திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது புல் செதுக்கும் உழவாரம். புனித அந்தோனியார் திருத்தலத்தைக் கொண்ட கத்தோலிக்க மரபில், பெரிய வியாழனன்று குருவானவர் குனிந்து பிறர் பாதங்களைக் கழுவுகிறார். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்பது இஸ்லாமியப் போதனை.

போதனைக்கும் வீதிக்கும் இடையில்தான் முரண் தென்படுகிறது. கோயில் முற்றத்தைக் கூட்டுபவர் அடியார். மதிலுக்கு வெளியே அதே வேலையைச் செய்பவர் கீழானவராகப் பார்க்கப்படுகிறார். பிரித்தானியர் காலத்தில் கொழும்பின் துப்புரவு வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தொழிலோடு இழிவும் தலைமுறைகளுக்குக் கைமாறியது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் வாசலில் பக்தர் கூட்டம் நிறைகிறது. கூட்டம் கலைந்த பின் வீதியில் கிடக்கும் மெழுகையும் வாடிய பூவையும் வாரி எடுக்கும் கையும் அன்றைய வழிபாட்டில் பங்குபெற்ற கைதான். அந்தத் தொழிலாளிக்குக் கையுறை கிடைத்ததா, வேலை நிரந்தரமா, வீடு குடியிருக்கத் தக்கதா என்று கேளாத ஆண்டறிக்கை பாதிக் கணக்கையே காட்டுகிறது.

இன்னொரு சிக்கல், ஓரிடத்தின் சுத்தம் மற்றோரிடத்தின் சுமையாவது. கொட்டாஞ்சேனையை ஒட்டிய புளுமெண்டல் குப்பைமேடு 2009இல் மூடப்பட்டதும் நகரின் குப்பை மீதொட்டமுல்லவில் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், அந்த மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலுவுக்கு ரயிலில் அனுப்பும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. புத்தளம் மக்கள் எதிர்த்துப் போராடினர். அகற்றிய குப்பையின் எடையை மட்டும் எழுதும் அறிக்கையில் இந்த ஆண்டுகளும் வெற்றி ஆண்டுகளாகவே தோன்றக்கூடும். எடை சொல்லாததை அறம் கேட்கிறது: குப்பை போய்ச் சேர்ந்த இடத்தில் யார் வாழ்கிறார்கள்?

ஒரு நிறுவனத்துக்கு மனச்சாட்சி உண்டா என்ற ஐயமும் எழுகிறது. 2023 மார்ச்சில் மாநகர சபையின் பதவிக்காலம் முடிந்து 2025 மே மாதத் தேர்தல் வரை, மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் இன்றி ஆணையாளரின் கீழேயே நகர நிர்வாகம் நடந்தது. கேள்வி கேட்கும் சபை இல்லாத காலத்தில் பொறுப்பு யாருடையது? பதவிகள் மாறினாலும் வரி செலுத்தும் மக்களும் வேலை செய்யும் தொழிலாளரும் மாறுவதில்லை. கணக்கு அவர்களுக்கே உரியது. குப்பையைப் பிரிக்காமல் கொட்டும் வீட்டாரும் அக்கணக்கில் அடங்குவர்.

கத்தோலிக்க மறைக்கல்வி பாவசங்கீர்த்தனத்துக்கு வகுத்த படிகள் இங்கே பயன்படும்: ஆன்ம சோதனை, மனவருத்தம், திருந்தும் உறுதி, வாய்விட்டு ஏற்றல், பரிகாரம். நகர அறிக்கைகள் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. தவறியதை வெளிப்படையாக ஏற்று, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் செய்து, அடுத்த ஆண்டுக்கான உறுதியையும் எழுதும்போதே மீளாய்வு அறச்செயல் ஆகிறது. அதைக் கேட்டுப் பெறும் கடமை கொச்சிக்கடையின் ஒவ்வொரு வழிபாட்டுத் தலத்துக்கும், அங்கே கைகூப்பும் ஒவ்வொருவருக்கும் உண்டு.