பயிருக்குத் தெளிக்கும் நஞ்சும் இல்லறத்தார் அகிம்சையும்

இல்லறத்தார் உழவு செய்யலாகுமா என்னும் வினாவுக்கு நம் முன்னோர் தெளிவாகவே விடை கூறிச் சென்றுள்ளனர். ஆதிபகவன் விருஷபதேவர் மாந்தர்க்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. ஏர்முனையில் மண்புழு மடியும். ஆயினும் அதனை மடிவிக்க வேண்டுமென்று எவரும் ஏர் பூட்டுவதில்லை. ஆதலின் அதனை உத்தியோக ஹிம்சை எனப் பிரித்து, கொல்லும் எண்ணத்துடன் செய்யும் சங்கல்ப ஹிம்சையை அணுவிரதி அறவே விடுக என்றனர். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் உழுதுண்டு வாழ்ந்த குடியினர். எனவே இப்பிரிவு நம் வீடுகளில் ஏட்டளவில் நின்றதன்று.

பூச்சிக்கொல்லி இவ்விரண்டனுள் எதில் அடங்கும்? பெயரிலேயே கொல்லி இருக்கிறது. (உழவர் பேச்சில் அது 'மருந்து'. நஞ்சுக்கு இப்பெயரை முதன்முதல் இட்டவர் யாரோ!) பயிரைக் காப்பதே நோக்கம், கொல்வதன்று என்று ஒருவர் கூறலாம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயின் தெளிப்பவர் நாமல்லாது அரசாகும்போது அப்பாவம் யாரைச் சேரும்? இதனையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அமெரிக்கக் கண்டத்திற்குரிய படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டு, 2018 மே மாதம் கருநாடகத்தில் தலைகாட்டிற்று. அவ்வாண்டே தமிழகத்துள் புகுந்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அதன் அந்துப்பூச்சி ஓரிரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கவல்லது. புழுவோ குருத்துக்குள் புகுந்து, தன் கழிவாலேயே வாயிலை அடைத்துக்கொண்டு உண்ணும். ஒரு காட்டில் தெளித்து அடுத்த காட்டை விட்டால் பயனில்லை என்பதால், 2019-இல் அரசே தன் செலவில் ஒட்டுமொத்தத் தெளிப்புக்கு ஏற்பாடு செய்தது. முந்தைய ஆண்டு இழப்பில் கடன்பட்ட உழவர் அதனை வரவேற்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை மறத்தல் தகாது. 2017-இல் இதே பெரம்பலூர்ப் பகுதியில் பருத்திக்கு மருந்தடித்த உழவர் சிலர், அந்நஞ்சைச் சுவாசித்து மாண்டனர். அவ்வாண்டே மராட்டியத்தின் யவத்மாலில் இருபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே இறந்தனர். காய்ப்புழுவைக் கொல்ல எடுத்த கருவி, பிடித்த கையையே கொன்றது.

நம் ஆகமம் வினையை மூவகையாக்கிக் கூறும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். மூன்றும் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் நிகழ்வன. நிலத்தை வாரத்துக்கு விட்டு நகரத்தில் வாழ்வோர் நம்மில் இன்று பலர். கூலிக்கு ஆள் தெளித்தான், அரசு தெளித்தது, நம் கை படவில்லை என்று அவர்கள் ஆறுதல் கொள்ள இயலாது. யசோதர காவியத்து மன்னன் பலியிட்டது உயிரற்ற மாக்கோழியைத்தான். அதுவும் தாயின் சொல்லுக்கு இணங்கி. உடன்பட்ட மனத்துக்காக அவன் எத்தனை விலங்குப் பிறவி எடுத்தான் என்பதை நம் சிறுவரும் அறிவர்.

உடன்பட மறுத்தோர் நம் அண்டை மாநிலத்தில் இருந்தனர். கேரளத்தின் காசர்கோட்டில், அரசு நிறுவனமாகிய கேரளத் தோட்டக் கழகம் முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசுவை ஒழிக்க, 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தது. கீழே வீடுகள், மூடாத கிணறுகள், பள்ளிகள். சுவர்க்கம் என்று பெயர்கொண்ட ஊரும் அவற்றுள் ஒன்று. அங்கு மருத்துவம் பார்த்த மோகனகுமார், ஒரு சிறு வட்டாரத்தில் இத்தனை நரம்பு நோய்களா என்று திகைத்து எழுதத் தொடங்கினார். வேளாண் துறையிலேயே பணியாற்றிய லீலாகுமாரி அம்மாள், தம் துறை பரிந்துரைத்த முறைக்கு எதிராகவே வழக்குத் தொடுத்து, 1998-இல் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்தில் தடை பெற்றார். 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில், பாதிக்கப்பட்டோர்க்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது.

அங்குள்ள நோய்கள் அனைத்திற்கும் அந்நஞ்சே காரணமா என்பதில் அறிவியலாருள் சிலர் மாறுபடுகின்றனர். மாறுபடட்டும். நம் வினா அதனைச் சார்ந்ததன்று. கீழே இருப்போரைக் கேளாமல், கிணற்றை மூடச் சொல்லாமல், பூச்சி எவ்வளவு உள்ளது என்று எண்ணிப் பாராமல் மேலிருந்து பொழிவது எவ்வகை ஹிம்சை? உமாசுவாமி ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில் அசட்டையை, அதாவது பிரமாதத்தை, முதலில் வைத்தார். பார்த்துச் செய்தும் நேர்ந்த சாவு வேறு, பாராமற் செய்த சாவு வேறு. உழவர்க்கு அளித்த விலக்கு முன்னதற்கே உரியது. இதனை அரசுக்கும் பொருத்துவதில் தவறில்லை என்பதே நம் கருத்து.

வேளாண் அறிவியலும் இதற்கு மாறாக உரைப்பதில்லை. சேதம் ஓர் எல்லையைத் தாண்டினாலன்றித் தெளிக்க வேண்டா என்பது அதன் விதி. கோடையில் ஆழ உழுது கூட்டுப்புழுவை வெயிலுக்குக் காட்டுதல், வேப்பம் பிண்ணாக்கு இடுதல், உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராக்குதல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், இலைமேல் குவியலாகக் கிடக்கும் முட்டைகளைப் பொறுக்கி நசுக்குதல் ஆகியவற்றையும் அத்துறையே பரிந்துரைக்கிறது. முட்டையை நசுக்குவதும் கொலைதானே என்பீர். ஆம், கொலைதான். ஆனால் தேனீயும் பொன்வண்டும் கூலியாளும் அதில் சாவதில்லை. நசுக்குபவர்க்குத் தாம் செய்வது இன்னதென்றும் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இம்மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மாந்தர் உணவுக்காகப் போவதன்று; நாமக்கல் முதலிய இடங்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. புழுவைக் கொன்று காத்த பயிர் கூண்டுக் கோழிக்கு இரை! இதனை அறிந்தபின், உயிர்வாழ இன்றியமையாத உழவு என்னும் விலக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பதை நிலமுடைய நம்மவர் ஒவ்வொருவரும் தம் மனத்தோடு பேசிக்கொள்ள வேண்டும். வரகும் கம்பும் விளைந்த காடுகளே இவை. விலை வேண்டித்தான் மக்காச்சோளத்துக்கு மாறினர். அவ்விலையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

தசலட்சண பருவம் முடிந்தபின் அக்டோபர் 2 வருகிறது. அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும்; மானாவாரி விதைப்பும் அக்காலத்தையே ஒட்டியது. ஊரில் நிலமுள்ள நம்மவர் அன்று சென்று அமர்ந்து, எந்த நஞ்சு, எந்த நாளில், எவர் காட்டில் என்று கேட்கலாம். தேனீ வளர்ப்போர்க்கு முன்னறிவிப்பு உண்டா என்றும் கேட்கலாம். இவற்றிற்கு முன்னதாக, தெளிப்பவர்க்குக் கையுறையும் முகமறைப்பும் கொடுப்பது யார் என்று கேட்பது நன்று. தெளிப்பவர் பெரும்பாலும் நிலமில்லாத கூலியாள். அன்றைய கூலி போய்விடுமென்று அவர் சபையில் எழுந்து கேட்கமாட்டார்.