நூறு என்று எழுதச் சொல்லலாமா?

பெற்றோரே, ஆசிரியர்களே, இறம்பொடையில் ஒரு வகுப்பறையை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். விஞ்ஞான பாடம். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. வெப்பமானியைப் பார்க்கும் சிறுவன் 97 பாகை என்கிறான். திரும்பப் பார்க்கிறான், அதே 97. "புத்தகத்தில் 100 என்றுதானே இருக்கிறது? 100 என்று எழுது" என்கிறார் ஆசிரியர். அவனும் எழுதுகிறான்.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் மனனம் செய்த பிள்ளை அவன். கண் கண்டதை விட்டு வேறொன்றை எழுதினால்தான் புள்ளி கிடைக்கும் என்பதை அன்று யாரிடம் கற்றுக்கொண்டான்?

இத்தனைக்கும் அவன் கண்டது சரி. கடல் மட்டத்தில்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகை போதும்.

காற்றின் பாரத்தை மலையேறிச் சோதித்த கதை நம் திருச்சபையாருக்கு அந்நியமன்று. 1648 செப்டெம்பர் 19ஆம் நாள், பிரான்சில், பிளேஸ் பஸ்கால் என்ற கத்தோலிக்க அறிஞரின் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் புய்-டி-டோம் மலையேறினார். குருக்கள் சிலரும் உடன் சென்றனர். அதுபோன்ற இன்னொரு குழாய் கீழே கிளெர்மோன் நகரில், மினிம் சபைத் துறவிகளின் தோட்டத்தில் வைக்கப்பட்டது. மலையுச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் மேலாக இறங்கியிருந்தது. கீழே தோட்டத்தில் ஒரு துறவி நாள் முழுவதும் குழாயைப் பார்த்திருந்து, மாற்றம் எதுவுமில்லை என்று சொன்னார். மலையேறியவரைவிட அந்தத் துறவியின் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். மாறாததை மாறவில்லை என்று சொல்லவும் நேர்மை வேண்டுமல்லவா?

"வியப்பும் ஆராய்ச்சியும் வசதியுள்ளவர்களுக்கு, எங்கள் பிள்ளை பரீட்சையில் தேறினால் போதும்" என்று நீங்கள் சொல்லக்கூடும். அதை அலட்சியம் செய்ய என்னால் முடியாது. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை, நம்மவரில் பெரும்பாலோரின் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோனது. லயத்திலிருந்து வெளியேற நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஏணி பரீட்சை ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்தில் நம் முன்னோரிடம் எதிர்பார்க்கப்பட்டது எது? சொன்னதைச் செய், எதிர்த்துக் கேட்காதே என்பதுதானே? கொழுந்து நிறுத்த தராசு காட்டியது ஒன்று, பதிவில் ஏறியது வேறொன்று என்ற மனக்குறை நம் வீடுகளில் புதிதல்ல. தராசைத் தானே பார்த்து வாசிக்கத் தெரிந்த பிள்ளையா நமக்கு வேண்டும், சொன்ன கணக்கை எழுதும் பிள்ளையா?

பரீட்சைக்கும் இதனால் நட்டமில்லை. "கடல் மட்டத்தில் 100" என்று எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளியும் கிடைக்கும், காரணமும் தெரியும்.

கேள்வி கேட்கும் பிள்ளை விசுவாசத்தை இழந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. காணாமல் விசுவசிப்போர் பேறுபெற்றோர் என்று சொன்ன ஆண்டவர்தான், தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட புனித தோமையாரை விரட்டாமல், தம் காயங்களைக் காட்டினார்.

ஆய்வுகூடம் இல்லையே என்பதும் முழுக் காரணமாகாது. 1972இல் இந்தியாவின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் பதினாறு கிராமப் பாடசாலைகளில், பிள்ளைகளே பரிசோதனை செய்து படிக்கும் திட்டமொன்று தொடங்கியது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள்ளைப் பயன்படுத்தினார்கள். முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் நிறுத்திவிட்டார்கள் என்பது வருத்தமே.

நம் ஊரில் முள்கூடத் தேவையில்லை. கசக்கிய கொழுந்து ஏன் செம்பு நிறமாகிறது, காலை மூடுபனி எங்கே போகிறது என்று பிள்ளை கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கூட உட்கார்ந்து பாருங்கள். வரும் விடுமுறையில் நுவரெலியாவிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது, பாடசாலையில் கேட்டு ஒரு வெப்பமானியைத் துவாயில் சுற்றி எடுத்துச் செல்லட்டும். பெரியவர் ஒருவர் அடுப்பருகே நிற்கட்டும். பெரியம்மாவின் பருப்பு ஏன் வேகச் சுணங்குகிறது என்பதை அவனே அவருக்கு விளக்குவான்.