விருந்தாளியாக 36 ஆண்டுகள்

ஐசக் வாட்ஸ் 1674இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்தார். அரசுத் திருச்சபையை ஏற்க மறுத்ததற்காக அவருடைய தந்தை சிறை சென்றவர். படிப்பில் கெட்டிக்காரரான மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் செலவை ஏற்க ஒருவர் முன்வந்தார். ஆனால், அங்கே சேர அரசுத் திருச்சபைக்கு மாற வேண்டும். வாட்ஸ் மறுத்துவிட்டார்.

அன்றைய ஆராதனைகளில் பெரும்பாலும் பைபிளின் சங்கீதங்களே பாடப்பட்டன. ஒருவர் ஒரு வரியைச் சொல்வார். சபை அதை இழுத்துப் பாடும். இந்தச் சலிப்பைப் போக்க வாட்ஸ் எளிய சொற்களில், எல்லோருக்கும் பழகிய சந்தங்களில் பாடல்களை எழுதினார். 1707இல் அவருடைய பாடல் தொகுப்பு வெளிவந்தது. இன்று கிறிஸ்துமஸ்தோறும் ஒலிக்கும் ‘ஜாய் டு தி வேர்ல்டு’, 98ஆம் சங்கீதத்தைத் தழுவி 1719இல் அவர் வெளியிட்டது. கிறிஸ்துமஸுக்கென்று எழுதியதல்ல.

உடல் ஒத்துழைக்கவில்லை. லண்டன் சபையொன்றில் 1702இல் போதகரானவர், 1712இல் கடும் காய்ச்சலில் படுத்தார். உடல் தேற, சர் தாமஸ் ஆப்னி என்பவரின் வீட்டுக்குப் போனார். சில நாள் விருந்தாளி, 1748இல் இறக்கும்வரை அந்தக் குடும்பத்தோடே இருந்துவிட்டார். முடிந்தபோது பிரசங்கம், மற்ற வேளையில் எழுத்து.

அங்கிருந்து எழுதியவற்றுள் ஒன்று தர்க்கவியல் நூல். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அது பாடப்புத்தகமானது. அவர் மாணவராக நுழையாத வகுப்பறைகள் அவை.