பழக்கிய பணிவு

பறவையின் மணம் பட்டதும் செட்டர் நாய் பாயாது, பதுங்கி நிற்கும். பாயும் வேகத்தை அடக்கி, எசமானின் துப்பாக்கிக்காகக் காத்திருப்பதே அதன் பயிற்சி. இதனை நற்பண்பு எனலாமா?

1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவி மரை வேட்டையாடினார். காடழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்ட துரைமாருக்கு நாய் மட்டும் போதவில்லை. இரத்தோட்டை மலைகளிலும் ஆட்களை மடக்கக் கங்காணி வேண்டியிருந்தான். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் அவன் தலைக்காசு பெற்றான்.

நாய் குற்றமற்றது, ‘ஏன்?’ என்று கேட்க அதற்கு இயலாது. கங்காணிக்கு இயலும், கேட்கவில்லை. கேள்வியற்ற பணிவு ஒழுக்கமன்று. பிறர் குற்றத்தில் பெறும் பங்கு.

இன்றும் தோட்டப் பள்ளிகளில் ‘அடக்கமான பிள்ளை’ என்று மெச்சுகிறோம். ஆசிரிய நண்பர்களே, நாம் வளர்ப்பது அறிவையா, பழக்கத்தையா?