எடுத்தவள் மேல் பழி

போன் அடிக்கிறது. எடுத்து ‘ஹலோ’ என்றால் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்ப்பதற்குள் தானே அறுந்துபோகிறது. அப்பா எடுத்திருந்தால் அது ராங் நம்பர். பாட்டி எடுத்திருந்தால் அவருக்குக் காது மந்தம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் எடுத்திருந்தால் மட்டும் வீடு மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. “யாருடி அது?” தெரியாது என்கிறாள். உண்மையிலேயே தெரியாது. ஆனால் தெரியாது என்று அவள் சொல்லச் சொல்லத்தான் சந்தேகம் ஊறுகிறது.

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைத் தேடிப் பென்னாகரம் பக்கத்திலும் அரூர் பக்கத்திலும் வீடுவீடாகப் போயிருக்கிறேன். காரணம் கேட்டால் வறுமை, தூரம், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வரிசையாக வரும். கைபேசி பரவிய பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. “எவனோ போன் பண்ணிக்கிட்டே இருக்கான் டீச்சர். எடுத்தா பேச மாட்டேங்கிறான். எதுக்கு வம்பு?” வம்பு வேண்டாம் என்று முதலில் போனைப் பிடுங்குவார்கள். அப்புறம் படிப்பு நிற்கும். அதற்கடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள். குழந்தைத் திருமணத்துக்காக அடிக்கடி செய்தியில் அடிபடும் மாவட்டம் எங்களுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமும் இதுதான். அழைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. தண்டனை பெற்றது யார் என்று ஊருக்கே தெரியும். இதை என்னால் ஒருநாளும் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை.

இதில் கொடுமை, இப்படி வரும் அழைப்புகள் பலவற்றில் அந்தப் பக்கம் ஆளே கிடையாது என்பது. கடன், காப்பீடு, வீட்டுமனை விற்கும் கால் சென்டர்கள் பலவற்றில் எண்களை மனிதர்கள் ஒவ்வொன்றாக அழுத்துவதில்லை. கணினி அழுத்துகிறது. பத்துப் பேர் பேசத் தயாராக இருந்தால் அது பத்து எண்ணோடு நிற்காது. நிறையப் பேர் எடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக் கூடுதலான எண்களை ஒரே நேரத்தில் கூப்பிடும். கணக்குத் தப்பி அதிகம் பேர் எடுத்துவிட்டால் மிஞ்சியவர்களோடு பேச அங்கே ஆள் இருக்காது. நாம் ‘ஹலோ, ஹலோ’ என்போம், கணினி துண்டித்துவிடும். சில கருவிகள், எடுத்தது மனிதரா, குரலைப் பதிவு செய்யும் இயந்திரமா என்று கண்டுபிடிக்க நம் முதல் சொல்லைக் கவனிக்கும். சுருக்கமாக ஒரு சொல், பிறகு இடைவெளி என்றால் மனிதர் என்று முடிவுசெய்யும். அந்தச் சில நொடிகளும் நம் காதுக்கு மௌனம்தான். எண் புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அழைத்துத் துண்டிக்கும் மோசடிக்காரர்களும் உண்டு.

இந்தக் கணக்கின் வேர் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங், அழைப்புகள் எந்த ஒழுங்கில் வந்து சேர்கின்றன என்பதை ஆராய்ந்து 1909இல் எழுதினார். காத்திருப்பைக் கணக்கிடும் சூத்திரங்களை 1917இல் தந்தார். கூப்பிடுகிற பொதுமக்கள் இணைப்புக்காகக் காத்துக்கிடக்கக் கூடாது என்பதற்காக வளர்ந்த கணிதம் அது. அதன் வாரிசு இன்று, விற்பவருடைய நிமிடம் வீணாகக் கூடாது என்பதற்காக நம் வீட்டு நிம்மதியைச் செலவழிக்கிறது.

பிரிட்டனில் இதை வெறும் தொந்தரவு என்று விட்டுவிடவில்லை. எடுத்தவர் பயந்துபோகிறார் என்பதை அங்குள்ள கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் கணக்கில் எடுத்துக்கொண்டது. பேச ஆளில்லாவிட்டால், அழைத்தது யார் என்று பதிவுக் குரலாவது இரண்டு நொடிக்குள் சொல்ல வேண்டும் என்றது. அபராதத்தின் உச்சவரம்பு 2010இல் 20 லட்சம் பவுண்டாக உயர்த்தப்பட்டது. 2013இல் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனமே ஏழரை லட்சம் பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த 2018 விதிகள், தானாக எண் அழைக்கும் கருவியைப் பயன்படுத்துவோர் அதை முன்கூட்டியே தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வேண்டாம் என்று பதிவுசெய்ய 1909 என்ற எண் இருக்கிறது. மோசடி என்று தோன்றும் அழைப்பைத் தெரிவிக்க, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச் முதல் சக்ஷு என்ற வசதி இருக்கிறது. நல்லவைதான். ஆனால் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைத்துவிட்டு மறைபவனுக்கு இவை எதுவும் கடிவாளம் இல்லை. பென்னாகரத்து மலையோரக் கிராமத்தில் ஆடு மேய்க்கும் அம்மாவிடம் இந்த எண்களை யாரும் சொன்னதும் இல்லை.

அவர்களுக்குப் புரிய வைக்க எனக்கு உதவியது மோட்டார் ஸ்டார்ட்டர். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டும். மும்முனை மின்சாரம் நேரங்கெட்ட நேரத்தில் வரும். வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓடவிட, சிம் போட்ட ஸ்டார்ட்டரைப் பலர் வைத்திருக்கிறார்கள். அந்த சிம்முக்கும் கடன் வேண்டுமா என்று அழைப்பு வருகிறது. “மோட்டாருக்கும்தான் போன் வருது. அதுக்கு யாரைத் தெரியும்? அது எதையும் தேடிப் போகலையே. எண் இருந்தால் போதும், கணினி அழைத்துவிடும்” என்று ஒரு தகப்பனாரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் யோசித்தார். மகளை அந்த வருடம் தேர்வு எழுத அனுப்பினார்.

எல்லா மௌனமும் கணினியுடையது அல்ல என்பதும் எனக்குத் தெரியும். பாலக்கோடு பக்கம் என் பெரியம்மா வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலம். எண் காட்டும் கருவி அப்போது அங்கே இல்லை. மத்தியான வேளையில், பெரியப்பா வயலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பேசாத போன் ஒன்று வரும். பெரியம்மா ஒருமுறைகூடத் திட்டியதில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி, “மழையே இல்லை. தக்காளி பறிச்ச கூலிக்குக்கூடக் கட்டலை. உங்கப்பாவுக்குச் சளி விடவே மாட்டேங்குது” என்று தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அக்காதான் அது. அம்மா குரலைக் கேட்டாலே அழுகை வந்துவிடும், அதனால்தான் பேசவில்லை என்று, உறவு கூடிய பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

இன்று இதை யாருக்கும் வழியாகச் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத மௌனத்திடம் வீட்டு விஷயங்களைச் சொல்வது ஆபத்து. ஆனால் பெரியம்மாவிடம் ஒன்றைப் பார்த்தேன். அந்தப் போனுக்கு என்ன பொருள் என்று கண்டுகொள்ளும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். வீட்டில் இருந்த வேறு யார் முகத்திலும் அதைத் தேடவில்லை.

வேண்டுமென்றே பயமுறுத்துகிறவன் விஷயம் வேறு. எங்கள் மாவட்டத்தில் ஆண்கள் கட்டட வேலைக்குப் பெங்களூரு, பனியனுக்குத் திருப்பூர் என்று போய்விட, பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். இரவு பதினொரு மணிக்கு அடிக்கும் போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டால் அந்த வீடு விடியும்வரை தூங்காது. அந்த வீட்டுப் பெண்ணின் எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு அவள் நடத்தையைத் தோண்ட வேண்டியதில்லை. ரீசார்ஜ் கடை நோட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தவர்கள்தானே நாம் எல்லோரும்? உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் எண்கள் காசுக்கு விற்கப்பட்டது 2017இல் பெரிய செய்தியானது.

அப்படிப்பட்டவனுக்கு வேண்டியது பதில். திட்டினாலும் அழுதாலும் ‘யார் நீ’ என்று கெஞ்சினாலும் அவனுக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. “இந்த நம்பருக்கு இனி கூப்பிடக் கூடாது” என்று ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்குச் சட்டத்திலும் எடை உண்டு. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதை 2013இல் குற்றமாக்கினார்கள். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. அதற்குப் பிறகு எடுக்காமல் இருக்கலாம், எண்ணை முடக்கலாம். அழைப்புப் பட்டியலை மட்டும் அழிக்கவே கூடாது. பயத்தில் பெண்கள் முதலில் செய்வது அதைத்தான். கணவர் பார்த்துவிடுவாரோ என்று அழித்துவிடுகிறார்கள். சாட்சியும் அதோடு போய்விடுகிறது.

காலண்டர் தாளில் தேதியும் நேரமும் குறித்துவைத்துக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். மாவட்டத்தில் சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. அவசரத்துக்குப் பெண்களுக்கான 181 இருக்கிறது. “போனால் பேர் கெட்டுப்போகும்” என்பார்கள். கெட வேண்டிய பெயர் அழைத்தவனுடையது. அதை அந்தப் பெண் தனியாகச் சொன்னால் ஊர் கேட்காது. மாமியாரோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டால் கேட்கும். அப்படி மருமகளோடு பேருந்து ஏறி வந்த ஒரு மாமியாரை நான் பார்த்திருக்கிறேன். படிக்காதவர். எந்தெந்த இரவு, எத்தனை மணிக்கு என்று மருமகள் திணறிய இடத்தில் எல்லாம் அவர்தான் சொன்னார்.

போனைப் பிடுங்கி வைக்கும் பெற்றோரிடம் நான் இப்போது பாதுகாப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தப் போனில் வேறு என்னவெல்லாம் வருகிறது என்று கேட்கிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவு பதிவுசெய்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வருகிறது. கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வுத் தேதி, உதவித்தொகை, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் சேரும் வங்கிக் கணக்கு எல்லாமே ஓர் எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. மகளின் சிம்மைக் கழற்றிவிட்டு அண்ணன் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் பெங்களூருவில் சாரத்தின் மேல் நின்று சென்ட்ரிங் வேலை செய்துகொண்டிருக்கிறான். அவள் இங்கே பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஓடிபி அங்கே வருகிறது. அவன் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிடுகிறது.