நிறைவு எங்கே இருக்கிறது?

கொல்கத்தாவில் 'பாடா' என்பது வெறும் தெருவைக் குறிக்கும் சொல் அன்று. ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைத்துக்கொள்ளும் சில தெருக்களின் குடும்பம் அது. அநேகமாக ஒவ்வொரு பாடாவுக்கும் ஒரு மன்றமும் ஒரு துர்கா பூஜையும் உண்டு. அத்தகைய ஒரு பாடாவில் பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள ஓர் இளைஞரின் வாரத்தை எண்ணிப் பார்க்கலாம். திங்கட்கிழமை மாலை ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம். புதன்கிழமை பூஜைக் குழுவின் கூட்டம். வெள்ளிக்கிழமை வீடு வீடாக நன்கொடை திரட்டுதல். சனிக்கிழமை ரத்ததான முகாம். ஞாயிறு காலை இலவச மருத்துவ முகாம். இவற்றுக்கு நடுவில் அலுவலகமும் இல்லமும் இருக்கின்றன.

ஞாயிறு இரவு அவர் களைத்து அமர்கிறார். செய்தவை அனைத்தும் நல்ல செயல்களே. ஆயினும் உள்ளத்தில் இனம்புரியாத ஒரு வெறுமை. 'இவ்வளவு செய்தும் மனம் ஏன் நிறையவில்லை?' என்று அவர் கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கேள்விக்கு உலகம் இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருக்கிறது. 'இன்னும் அதிகமாகச் செய்' என்பது ஒன்று. 'குறைத்துக்கொள்' என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், நிறைவைப் பணிகளின் எண்ணிக்கையோடு இணைத்துப் பார்ப்பதில் இரண்டும் ஒன்றே. அந்த இணைப்பு சரிதானா?

பாக்பஜாரில் ஒரு குடிசை

1899-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொல்கத்தாவில் பிளேக் நோய் மீண்டும் பரவியது. மார்ச் 31 அன்று ராமகிருஷ்ண மிஷன் நிவாரணப் பணியைத் தொடங்கியது. அதற்கான குழுவின் செயலாளர் சகோதரி நிவேதிதை. சேரிகளைத் துப்புரவு செய்யும் பணிக்குத் தலைமை தாங்கியவர் சுவாமி சதானந்தர். ஏப்ரல் 22 அன்று கிளாசிக் தியேட்டரில் சுவாமி விவேகானந்தரின் தலைமையில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அதில் நிவேதிதை, பிளேக்கின்போது மாணவர்களின் கடமை பற்றிப் பேசினார். மாணவர்கள் சிலர் தொண்டர்களாக முன்வந்தனர். குடிசை குடிசையாகச் சென்று பார்வையிடுவதும், சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களை வழங்குவதும் அவர்களது பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூடி, செய்த பணியை நிவேதிதையிடம் எடுத்துரைத்தனர்.

நிவேதிதையின் வாரங்கள் அப்போது எப்படி இருந்திருக்கும்? 1898 நவம்பர் 13 அன்று அவர் பாக்பஜாரில் தொடங்கிய பெண்கள் பள்ளி இருந்தது. சொற்பொழிவுகள் இருந்தன. நிவாரணப் பணிக்கு நிதி திரட்ட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் இடையில் நிகழ்ந்த ஒன்றை டாக்டர் ராதா கோவிந்த கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று கொல்கத்தாவிலுள்ள ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி அவருடைய பெயரைத் தாங்கியதே.

பாக்பஜார் சேரியில் பிளேக் கண்ட ஒரு குழந்தையை அன்று காலையில்தான் டாக்டர் பரிசோதித்திருந்தார். அந்தக் குழந்தையைப் பற்றி விசாரிப்பதற்காக நிவேதிதை அவரது வீட்டில் காத்திருந்தார். குழந்தையின் நிலை கவலைக்கிடம் என்பதைக் கூறிய டாக்டர், அவரையும் எச்சரித்தார். மாலையில் மீண்டும் அந்தக் குடிசைக்குச் சென்றபோது, ஈரம் கசியும் அவ்விடத்தில் தாயற்ற அந்தக் குழந்தையை மடியில் வைத்தபடி நிவேதிதை அமர்ந்திருந்தார். தமது இருப்பிடத்தை விட்டு, இரவும் பகலும் அங்கேயே தங்கினார். கிருமி நீக்கத்திற்காகக் குடிசைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தபோது, ஒரு சிறிய ஏணியை வைத்துத் தாமே அடித்தார். பிழைக்காது என்று தெரிந்த பின்னரும் அவரது பணிவிடை தளரவில்லை. இரண்டு நாட்களில் குழந்தை அவரது மடியிலேயே இறந்தது.

கணக்குப் புத்தகம் வைத்துப் பார்ப்பவர் இங்கே திகைப்பார். ஒரு குழுவின் செயலாளர் இரண்டு நாட்களை ஒரே குழந்தைக்குச் செலவிட்டார். அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை. அந்த இரண்டு நாட்கள் வீணா?

'வீண்' என்று சொல்ல மனம் ஒப்புவதில்லை. ஏன் ஒப்புவதில்லை என்பதை ஆராய்ந்தால், இளைஞரின் கேள்விக்கு விடை கிடைக்கிறது.

கட்டுதலும் காணுதலும்

கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் தமது 'மெட்டாபிசிக்ஸ்' நூலின் ஒன்பதாம் பகுதியில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். வீடு கட்டுதல் ஒருவகைச் செயல். கட்டிக்கொண்டிருக்கும்வரை வீடு முடியவில்லை. முடிந்துவிட்டால் கட்டுவது நின்றுவிடுகிறது. ஆகவே, செயல் நடக்கும்போது அது எப்போதும் குறையுடையது. காணுதல் வேறுவகை. ஒருவர் காணும் அந்தக் கணத்திலேயே கண்டும்விட்டார். அங்கே முழுமை, முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

தொண்டில் இவ்விரண்டும் கலந்துள்ளன. தெருவைத் தூய்மை செய்தல், நிதி திரட்டுதல், முகாம் நடத்துதல் ஆகியவை கட்டுதல் போன்றவை. அவை முடிய வேண்டும். நன்றாக முடிய வேண்டும். ஆனால் எதிரிலிருக்கும் மனிதரை முழுமனத்துடன் கவனித்தல் காணுதல் போன்றது. குழந்தையை மடியில் ஏந்திய ஒவ்வொரு கணத்திலும் அந்தச் செயல் முழுமையாக இருந்தது. மரணத்தால் அதன் பலனைப் பறிக்க முடிந்தது. அதன் முழுமையைப் பறிக்க முடியவில்லை.

இளைஞரின் வாரத்தில் நேர்ந்தது இதுவே. திங்கட்கிழமை பாடம் நடத்தும்போது மனம் புதன்கிழமைக் கூட்டத்தில் இருந்தது. கூட்டத்தில் இருக்கும்போது நன்கொடைப் பட்டியலில் இருந்தது. எல்லாவற்றையும் அவர் கட்டினார், எதையும் காணவில்லை. கட்டும் வேலை என்றும் தீராது. ஆதலால் ஞாயிறு இரவில் எஞ்சியது குறையுணர்வு மட்டுமே.

ஓர் ஐயம்

'அப்படியானால் பலனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?' என்று கேட்கலாம். கீதையின் கர்மயோகத்தைப் பலர் இப்படித்தான் தவறாகப் பொருள் கொள்கின்றனர். பலனில் பற்று வேண்டாம் என்பது, செயலில் அக்கறை வேண்டாம் என்பதாகாது. பிழைக்காத குழந்தைக்காகவும் சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டது. நோயைத் தடுக்கச் செய்ய வேண்டியதில் ஒன்றும் குறைக்கப்படவில்லை.

இன்னும் ஆழமான ஐயம் ஒன்று உண்டு. நிறைவை நாடித் தொண்டு செய்தால், ஏழை அந்த நிறைவுக்கு ஒரு கருவி ஆகிவிடமாட்டாரா? ஆகிவிடுவார். மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்று ஜெர்மானிய அறிஞர் கான்ட் வற்புறுத்தியதும் இந்த ஆபத்தைத் தொடுகிறது. 'எனக்கு மனம் நிறைந்ததா?' என்று அடிக்கடி சோதிப்பவரின் கண், நோயாளியின் முகத்திலிருந்து தம் பக்கம் திரும்பிவிடுகிறது. காணுதல் அங்கே நின்றுபோகிறது, நிறைவும் அகல்கிறது. தேடுபவரிடம் வராமல், தம்மை மறந்தவரிடம் தானே வருவது அதன் இயல்பு.

திருவள்ளுவர் 'ஈகை' என்ற அதிகாரத்திற்கு முன்பாக 'ஒப்புரவறிதல்' என்ற அதிகாரத்தை வைத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. கொடுப்பதற்கு முன்னால் ஓர் அறிதல் தேவைப்படுகிறது. ஊரோடு தாம் ஒன்று என்று அறிந்தவர், செய்ததை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

ஞாயிறு இரவில்

அந்த இளைஞர் என்ன செய்ய வேண்டும்? பணிகளைக் கைவிட வேண்டியதில்லை. ஐந்து பணிகளிலும் முழுமனத்துடன் இருக்க முடியுமானால் ஐந்தையும் செய்யட்டும். முடியாதென்றால் இரண்டைப் பிறரிடம் ஒப்படைக்கட்டும். 1899-இல் நிவேதிதை எல்லாவற்றையும் தாமே சுமக்கவில்லை. சதானந்தரும் மாணவர்களும் இருந்தனர். பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதும் தொண்டின் ஒரு பகுதியே.

பின்னர் ஞாயிறு இரவில் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கட்டும். 'இந்த வாரம் எத்தனை வேலை முடித்தேன்?' என்பதற்குப் பதிலாக, 'இந்த வாரம் யாரை உண்மையில் கண்டேன்?' என்று கேட்கட்டும். பாடம் புரியாமல் தலைகுனிந்திருந்த ஒரு சிறுமியின் முகம் அப்போது நினைவுக்கு வரலாம். அடுத்த திங்கட்கிழமை அவளருகில் சற்று நேரம் அமரத் தோன்றினால், நிறைவு எங்கே இருக்கிறது என்பதை அவர் அங்கேயே அறிவார்.