குளம் வெட்டுவதும் கைங்கரியமே

வீட்டுக் கொல்லையில் சிறு குழி தோண்டி, நீர் நிரப்பி, அதில் அல்லியும் கரையில் துளசியும் நந்தியாவட்டையும் வளர்ப்பவர் செய்வது பொழுதுபோக்கா, வழிபாடா? இந்தக் கேள்வியை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் நின்று கேட்பது பொருத்தம். 1017-இல் இராமானுசர் அவதரித்ததாக மரபு சொல்லும் ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அனந்தசரஸ் திருக்குளமும் அங்கே இருக்கின்றன. அதன் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராகின்றன. அதைச் சுற்றி ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என சிப்காட் பூங்காக்கள் விரிந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் பல மனைப்பிரிவுகள் ஆயின. சதுர அடிக்கு விலை பேசும் மண்ணில், விளைச்சலும் வாடகையும் தராத ஒரு குளத்துக்கு என்ன நியாயம்? அந்தக் குளம் முழு வழிபாடு ஆக முடியும் என்பதே என் முடிவு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வளர்ப்பவர் அதைத் தன் உடைமை என்று எண்ணக் கூடாது.

முதல் சான்று வைணவ மரபிலேயே இருக்கிறது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் வைத்துப் பூத்தொண்டு செய்தவர்கள். இந்தத் தொழில் தடத்துக்கு அருகிலுள்ள பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, பூத்தோட்டம் வளர்த்துக் காஞ்சி வரதருக்கு மலர் சுமந்து சென்றார். அந்தண குலத்தில் பிறவாத அவரை இராமானுசர் ஆசானாகவே மதித்தார். எல்லாவற்றிலும் அழுத்தமான சான்று இராமானுசரின் சீடர் அனந்தாழ்வானின் வரலாறு. திருமலையில் பூத்தொண்டு செய்ய யார் போவீர்கள் என்று இராமானுசர் கேட்டபோது, மலைக் குளிரை நினைத்துப் பலரும் தயங்க, எழுந்து நின்றவர் அவர். அங்கே நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டி, கருவுற்ற மனைவியோடு சேர்ந்து ஏரி தோண்டினார். மண் சுமக்க உதவ வந்த சிறுவனை விலக்கினார். அவன் கேளாமல் மனைவிக்குக் கைகொடுத்தபோது கடப்பாரையை வீசினார். அது சிறுவனாக வந்திருந்த பெருமாளின் மோவாயில் பட்டது, அதனால்தான் அங்கே இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்துகிறார்கள் என்கிறது மரபு. அந்தக் கடப்பாரை எனப்படுவது திருமலைக் கோயிலின் மகாதுவாரம் எனப்படும் தலைவாயிலில் இன்றும் தொங்குகிறது. பூத்தொண்டின் நினைவாகக் கோயில் காத்து வைத்திருப்பது மண் தோண்டும் கருவியை. மாலையில் கோக்கப்படும் நேரத்தில்தான் பூ வழிபாட்டுக்குள் வருகிறது என்ற எண்ணத்தை இந்தக் கதை ஏற்கவில்லை. மண்ணை முதல் முறை வெட்டும்போதே தொண்டு தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது சான்று தத்துவம். உலகம் பொய்த்தோற்றம் அல்ல, மெய். உயிருள்ளவையும் உயிரற்றவையும் சேர்ந்து இறைவனுக்கு உடல் என்பது இராமானுசரின் அடிப்படைக் கொள்கை. உடல் என்றால் என்ன என்பதையும் தன் உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வரையறுத்தார்: ஓர் ஆன்மா எதைத் தாங்கி, தன் நோக்கத்துக்காக இயக்குகிறதோ, எது முற்றிலும் அந்த ஆன்மாவுக்கே உரியதாக இருக்கிறதோ, அது அதன் உடல். இந்த வரையறையை நேர்மையாகக் குளத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சேறு, நீர், அல்லிக் கிழங்கு, இலைமேல் அமரும் தவளை எல்லாமே இறைவனின் திருமேனியைச் சேர்ந்தவை ஆகின்றன. அவற்றைப் பேணுவது வழிபாட்டுக்கு முன் நடக்கும் ஆயத்த வேலை என்று ஒதுக்க வழியில்லை. அதே வரையறை பட்டாதாரரின் பெருமையையும் பறித்துவிடுகிறது: பத்திரத்தில் பெயர் இருந்தாலும், அந்த மண் யாருடைய நோக்கத்துக்காக இருக்கிறது என்பதற்கு விடை வேறு.

இங்கே மரபை அறிந்தவர் ஒருவர் மறுக்கலாம். இராமானுசர் அர்ச்சை வடிவத்தையும், அதாவது கோயிலில் வழிபடப்படும் திருவுருவத்தையும், கோயில் ஒழுங்கையும் உயர்த்திப் பிடித்தவர். பறித்துத் தொடுத்துத் திருமேனியில் சாத்தினால்தான் பூத்தொண்டு நிறைவடையும். செடியிலேயே வாடும் பூவை வழிபாடு என்பது சோம்பலுக்குச் சமாதானம் என்பார். இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. கோயிலுக்குப் பூ தருபவர் தரட்டும். வீட்டுப் பூசைக்குத் துளசி கிள்ளுபவர் கிள்ளட்டும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய மாலையும் கோயிலுக்குப் போகத்தான் போகிறது. அப்படியிருக்க, ஆழ்வார்களும் ஆசாரியர்களும் தோட்டத்தில் ஏன் குனிந்து உழைத்தார்கள்? வளர்ப்பதற்கென்று தனி மதிப்பு இல்லையென்றால் அந்த உழைப்புக்குப் பொருளே இல்லை. அர்ச்சையை நான் குறைக்கவில்லை. அதற்குச் செலுத்தும் கவனத்தை அது நிற்கும் மண் வரை நீட்டச் சொல்கிறேன்.

இன்னும் கடுமையான மறுப்பு தண்ணீர் பற்றியது. 2019 கோடையில் அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டது. அப்படிப்பட்ட பகுதியில் அழகுக்காகக் குளமா? ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் ஊற்றி ஆண்டு முழுதும் பூக்க வைப்பதானால், இந்த மறுப்பு சரியே. அது தொண்டு ஆகாது, ஆசைதான். ஆனால் நம் நாட்டு அல்லியே இதற்கு வழி காட்டுகிறது. வெள்ளாம்பலும் நீல அல்லியும் ஏரிகளிலும் குட்டைகளிலும் வளர்ந்தவை; கோடையில் நீர் வற்றினால் கிழங்காகச் சேற்றுக்குள் ஒடுங்கி, மழை வந்ததும் துளிர்க்கக்கூடியவை. மழைநீர் இருக்கும் மாதங்களில் குளத்தை நிறைத்து, கோடையில் அதை வற்ற விடுபவர், பூவைத் தன் விருப்பப்படி பூக்கச் சொல்லும் உரிமையைக் கைவிடுகிறார். நிபந்தனை என்று நான் சொன்னது இதுதான். அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆகாயத்தாமரை சாட்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் செடி ஊதாப் பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டு போகப்பட்டது; இன்று நம் ஏரிகளின் முகத்தை மூடி, நீருக்குள் ஒளியும் காற்றும் போகாமல் தடுக்கிறது. பூவை விரும்பினார்கள், அது வாழப்போகும் நீரைப் பற்றி யோசிக்கவில்லை.

கொல்லையே இல்லாதவர்கள் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. ஷிப்டு முடிந்து வாடகை அறைக்குத் திரும்பும் தொழிலாளருக்குக் குளம் ஏது? அல்லிக்கு வேண்டியது களிமண், அசையாத நீர், ஐந்தாறு மணி நேர வெயில். மாடியில் ஒரு சிமென்ட் தொட்டியும் போதும். கொசுவுக்கு நாலு கப்பி மீன் விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். ஆனால் தொட்டி வைக்க முடியாதவரும் இந்த வழிபாட்டுக்கு வெளியே இல்லை. பிள்ளைப்பாக்கம் ஏரியும் ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பொதுவானவை. அவற்றின் கரையில் குப்பை கொட்டாமல் இருப்பதும், வரத்துக் கால்வாயை அடைக்க விடாமல் கேள்வி கேட்பதும் அதே தொண்டுதான். கொல்லையில் அல்லி வளர்ப்பவருக்கு இந்தக் கடமை இன்னும் அதிகம். சுற்றுச்சுவருக்குள் குளத்தைக் கொஞ்சிவிட்டு, சுவருக்கு வெளியே ஏரி நாறுவதைப் பொறுத்துக்கொள்பவர் வளர்ப்பது அலங்காரம் மட்டுமே. குளம் வையுங்கள், பூக்களால் கரையை நிறையுங்கள். அங்கே பழகிய அக்கறையை உங்கள் ஊர் ஏரிக்கும் கொண்டு போங்கள்.